பூசணிக்காய் அத்தை வண்டியை விட்டு இறங்குகிறாள்

ஜூன் 9, ஞாயிறு

டாக்டர் மேடம், முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். தினமும் என்ன காய் சாப்பிட்டேன் என்று தேதி போட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். அதற்கு ஒரு தாள் போதும். நான் ஒரு நோட்டே வாங்கிவிட்டேன். பேசிப் பழக்கம் இல்லாதவர்கள் எழுத உட்கார்ந்தால் எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. நீளமாகப் போனால் காய்களின் பெயரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்று: பீன்ஸ். நாலைந்து துண்டு. தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

எங்கள் பம்ப் கம்பெனிக்கு முகாம் நடத்த வந்தபோது என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உடம்புல ரத்தமே இல்லையே, காய்கறி பக்கமே போறதில்லையா?" என்று கேட்டீர்கள். எனக்குப் பின்னால் அக்கவுண்ட்ஸ் பிரிவே வரிசையில் நின்றது. "பிடிக்காதுங்க மேடம்" என்றேன். "பிடிக்கறதுக்கு அதென்ன மாப்பிள்ளையா? முழுங்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாத்திரையும் கொடுத்தீர்கள். அதைச் சாப்பிடுகிறேன்.

பிடிக்காமல் போனதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. நாக்கு அப்படி.

என்னைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வள்ளிமயில், பி.காம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சொந்த ஊர் பாளையங்கோட்டை. அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா ஊரில் தனியாக இருக்கிறாள். இங்கே கோயம்புத்தூரில் இவ்வளவு நாள் ஹாஸ்டலில் இருந்தேன். சித்திரையில் கணபதி பக்கம் ஒரு அறையும் சமையலறையும் உள்ள போர்ஷனுக்கு வந்துவிட்டேன். "ஒத்தை ஆளுக்கு எதுக்குங்க கண்ணு சமையல்கட்டு?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்கள்.

சும்மாதான் என்றேன்.

ஜூன் 12, புதன்

புடலங்காய். துவைத்த துணியை மெல்வது போல இருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

உழவர் சந்தைக்குப் போனேன். எனக்குப் பாதிக் காய்களுக்குப் பெயர் தெரியாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

"அது கால் கிலோ குடுங்க."

"எதுங்க கண்ணு?"

"அந்த நீளமா, வரி வரியா இருக்கிறது."

"பீர்க்கங்காயிங்களா? பீர்க்கங்காய் தெரியாத புள்ளையா? எந்த ஊருங்க?"

"திருநெல்வேலி."

"ஏனுங்க, உங்க ஊர்ல இது காய்க்கறதில்லீங்களா?"

காய்க்கும். நன்றாகவே காய்க்கும். அதைவிட வேடிக்கை, என் அம்மா உச்சிமாகாளிக்குப் பாளையங்கோட்டையில் காய்கறிச் சமையலில்தான் பெயர். டீச்சரம்மா வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும், "ஆக்குனது உச்சியா?" என்று கேட்பார்கள்.

டீச்சரம்மா வீடு சுத்த சைவம். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அம்மா அங்கே பெருக்கித் துடைக்கப் போனாள். பிறகு காய் நறுக்கினாள். பிறகு அடுப்படியே அவள் கைக்கு வந்தது. காலையில் குளித்து, ஈரத்தலையோடு போவாள். சாயங்காலம் தூக்குவாளியோடு திரும்புவாள். தூக்குவாளியில் பொரியலோ கூட்டோ அவியலோ இருக்கும். ஆறி, ஓரம் கறுத்து, எண்ணெய் உறைந்து இருக்கும். அந்த வீட்டில் கல்யாணி என்று என்னைவிட ஒரு வயது மூத்த பெண் இருந்தாள். அவள் தட்டில் ஒதுக்கியதாகத்தான் இருக்கும். நான் மூடியைத் திறக்கக்கூட மாட்டேன். "எனக்கு மீன்தான் வேணும்" என்பேன். அம்மா மறுபேச்சுப் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்துச் சாளைக் குழம்பு வைப்பாள். கொதிக்கும்போது கரண்டியிலிருந்து ஒரு சொட்டை என் உள்ளங்கையில் விடுவாள். "உப்புப் பாரு." எங்கள் வீட்டில் உப்புப் பார்ப்பது என் வேலை.

ஒரு பள்ளி விடுமுறையில் அம்மா என்னையும் அங்கே கூட்டிப்போனாள். பின்கட்டில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணி அப்போது எந்தக் காயும் தொடமாட்டாளாம். அம்மா அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"எந் தாயில்லா, பூசணிக்கா அத்த வண்டிய விட்டு எறங்கிட்டா. ஒடம்பு பெருத்தவ, வெயில்ல நிக்கா பாரு. கதவத் தொற."

கல்யாணி வாயைத் திறந்தாள்.

"அடுத்தாப்ல யாரு? அவரைக்கா மாமா. அஞ்சாறு பிள்ளையளோட வாராரு, எல்லாத்துக்கும் எடம் போடு. முருங்கைக்கா சித்தப்பா நெட்டையன்லா, குனிஞ்சு வரச் சொல்லு."

கல்யாணி சிரித்துக்கொண்டே ஒரு கல்யாணக் கூட்டத்தையே விழுங்கினாள்.

எங்கள் வீட்டில் கதை கிடையாது. அம்மா வந்ததும் முதுகைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பேச்செல்லாம் அங்கேயே செலவாகியிருக்கும்.

இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. பீர்க்கங்காய் என்றதும் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். வரி வரியான தோலைச் சீவாமல் போட்டுவிட்டேன். நார் நாராக வந்தது.

ஜூன் 19, புதன்

மதியம் ஆபீசில் எல்லோரும் டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்து மாற்றிக்கொள்வார்கள். பக்கத்து சீட் கோகிலவாணியின் டப்பாவில் மூன்று அடுக்கு. இன்று கோவைக்காய்.

"எங்கம்மா அஞ்சு மணிக்கே எந்திரிச்சுருவாங்க. வேண்டாம்னு சொன்னாக் கேக்கறதில்ல. ஒரே ரோதனை" என்றாள்.

ரோதனையாம்.

இரண்டு கோவைக்காய் எடுத்துக்கொண்டேன். என் டப்பாவில் முட்டை இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அம்மா போன் செய்தாள். குரலிலேயே ஏதோ நல்ல செய்தி என்று தெரிந்தது.

"டீச்சரம்மாவுக்கு முட்டி ஆபரேசன் ஆயிருக்குல்லா. எந்திரிச்சு நடக்க முடியல. கல்யாணிக்குத் தலைப்பிரசவம். இங்க கூட்டியாந்து பாக்க முடியாதுன்னு பெங்களூர்லயே வச்சிட்டாவ. என்னையப் போவச் சொல்லுதாவ."

"எவ்வளவு நாளைக்கு?"

"பிள்ள பெறந்து, அதுக்குத் தல நிக்கது வரைக்கும். கல்யாணி போன்ல அழுதாட்டி. எங்கையால ரெண்டு வாய் பொரியல் திங்கணும் போல இருக்காம். வேற எதுவும் எறங்கலியாம் பிள்ளைக்கு."

பிள்ளைக்கு. வயிற்றில் இருப்பதைச் சொல்கிறாளோ என்று முதலில் நினைத்தேன். கல்யாணியைத்தான் சொன்னாள்.

"போயிட்டு வாம்மா."

"ஒனக்கு ஒண்ணுமில்லல்லா? நீ நல்லாத்தான இருக்க?"

"எனக்கு என்ன?"

"என்னத்தத் திங்க?"

"எல்லாம் சாப்பிடுதேன்."

ரத்தம் குறைந்திருப்பதைச் சொல்லவில்லை. இந்தப் போர்ஷனுக்கு ஏன் வந்தேன் என்பதையும் சொல்லவில்லை. இரண்டாவது தலையணையை வாங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அலமாரிக்கு மேல் வைத்திருக்கிறேன். அம்மாவை இங்கேயே வந்து இருக்கக் கூப்பிடலாம் என்று இருந்தேன். ஆடி கழியட்டும் என்று ஒரு நாளும், வெயில் தாழட்டும் என்று ஒரு நாளும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணி ஒரு போனில் கேட்டுவிட்டாள். கேட்டுப் பழகியவர்களுக்கு எல்லாம் சுலபம்.

இனி இந்த நோட்டை மேடத்திடம் காட்ட முடியாது. தனித் தாளில் காய்களின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு போகலாம்.

ஜூன் 22, சனி

பாகற்காய். ஒன்று முழுக்க. கசக்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

கல்யாணியே போன் செய்தாள். நல்ல பெண். அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் எனக்கு வேலை குறைந்திருக்கும்.

"வள்ளி, உன்னைக் கேக்காம உச்சியம்மையைக் கூப்பிட்டுட்டேன். உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லைக்கா."

"எங்க அம்மா ஆக்கினாக்கூட எனக்கு இறங்காது. உச்சியம்மை கைதான். உனக்குச் சொல்லணுமா? தினமும் சாப்பிட்டு வளர்ந்தவ நீ."

ம் கொட்டினேன்.

"ஒண்ணு சொன்னா சிரிப்பே. சின்னப் பிள்ளையில எனக்கு உன்மேல அவ்வளவு பொறாமை. ஆறு மணி ஆயிட்டா உங்கம்மாவுக்குக் கால் தரையில நிக்காது. 'எம்மவ உப்புப் பாக்கணும், எம்மவ உப்புப் பாக்கணும்'னு செருப்பைத் தேடுவாங்க. நான் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு அழுவேன். இழுத்து விடுவிச்சுட்டுப் போயிருவாங்க. அது என்னடா உப்பு, அப்படி யாரு அந்த மகள்னு இருக்கும்."

சிரித்தேன். போனை வைத்த பிறகு கோபமாக வந்தது. நான் என் பொறாமையை ஒரு ஆளிடமும் சொன்னதில்லை. சொல்வதென்ன, இந்த நோட்டில்கூட இப்போதுதான் அந்த வார்த்தையை எழுதுகிறேன். அவள் அதையும் சிரித்துக்கொண்டே, ஒரு பலகாரத்தைத் தட்டில் வைப்பது போல எடுத்து வைத்துவிட்டாள். பொறாமைப்படுவதில்கூட அவள் என்னைவிட அழகு.

கேரட். பச்சையாக. கடிப்பதற்கு நன்றாக இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

கோகிலாவின் டப்பாவில் கத்தரிக்காய். அதைப் பார்த்ததும் டீச்சரம்மா வீட்டுப் பின்கட்டு வாசனை அப்படியே வந்தது. மல்லியும் கடலைப்பருப்பும் வறுத்துப் பொடித்து, பிளந்த கத்தரிக்காய்க்குள் அடைத்து, நல்லெண்ணெயில் போட்டதும் எழும்பும் வாசனை. நான் சாப்பிட்டதே இல்லை. ஆனால் அம்மாவின் சேலையில் அது இருக்கும். அந்தச் சேலையில் முகத்தை வைத்துத்தான் தூங்குவேன்.

சாயங்காலம் கால் கிலோ வாங்கிவந்து அம்மாவுக்குப் போன் செய்து கேட்டுக் கேட்டுச் செய்தேன்.

"நீயா கத்தரிக்கா கேக்க?" என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். பொடிக்கு அளவு சொன்னாள், தீயின் அளவு சொன்னாள்.

"உப்பு எவ்வளவும்மா?"

"அது எனக்குத் தெரியாதுட்டி."

"தெரியாதா?"

"அந்த வீட்டுல உப்புப் பாக்கக்கூடாதுல்லா. வெளக்குக்கு முன்னால வச்ச பொறவுதான் வாயில போடலாம். நான் மூக்கால பாப்பேன். உப்புக் கொறஞ்சா பச்ச வாடை அடிக்கும்."

"பொறவு நீ சாப்பிடும்போது தெரியும்லா?"

அந்தப் பக்கம் சிரிப்பு.

"நான் எங்க சாப்ட்டேன்? சோத்துல மோர ஊத்தி, நார்த்தங்கா ஊறுகாயத் தொட்டுக்கிடுவேன். எனக்கு ஒரு காயும் எறங்காதுட்டி. தொண்டையிலயே நிக்கும். எங்க ஐயா வீட்டுல கருவாட்டத் தவிர என்னத்தக் கண்டோம்? வெளிய சொல்லிராத. அவ்வளவு பேரு எடுத்துட்டு, ஆக்குனவளே திங்க மாட்டான்னா சிரிப்பாவ."

"அப்ப தூக்குவாளில கொண்டாந்தது?"

"அது எம்பங்கு. அந்த வீட்டு வழக்கம் அது. வெளக்குக்கு வச்சதும் மொதப் பங்கு ஆக்குனவளுக்குத்தான். டீச்சரம்மா வீட்டுக்கார சார்வாளுக்கே அதுக்குப் பொறவுதான். நான் திங்கலன்னா டீச்சரம்மா கோவிப்பாவ. அதான் ஒனக்குன்னு வாளியில எடுத்து வச்சிருவேன். கொழந்தையாவது ரெண்டு காயி திங்கட்டுமேன்னு."

"அவ ஒதுக்கி வச்சதுன்னு நெனச்சேன்."

"எவ?"

"ஒண்ணுமில்லம்மா. அடுப்புல தீயுது."

உண்மையிலேயே தீய்ந்துவிட்டது.

ஜூலை 3, புதன்

அடிப்பிடித்த கத்தரிக்காயை இன்று மதியம் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கோகிலா ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "கருக்கி வெச்சிருக்கற. ஆனா வாசம் சூப்பரா இருக்குது. யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

"எங்கம்மா."

அந்த வார்த்தையை அந்த வட்டத்தில் நான் முதல் தடவையாகச் சொன்னேன்.

ஜூலை 7, ஞாயிறு

வெண்டைக்காய். அவரைக்காய். சுரைக்காய். ஒரே நாளில் மூன்றும். பிடித்துப்போனது என்று பொய் சொல்ல மாட்டேன். அவரைக்காயை வாயில் போடும்போது அதன் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். சுரைக்காய் இன்னும் வெறும் தண்ணீர்தான்.

முழுக்கச் சமாதானம் ஆகிவிட்டேனா என்றால் இல்லை. விளக்குக்கு அடுத்த பங்கு எனக்கு வந்திருக்கிறது. சரி. ஆனால் ஆறித்தானே வந்தது? சூடும் கதையும் கல்யாணிக்குத்தானே? மனசு எங்கேயாவது ஒரு கணக்கைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது.

அம்மா சனிக்கிழமை வருகிறாள். என்னைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்தே பெங்களூர் பஸ் ஏறுகிறாள். கல்யாணியின் கணவர் அங்கே வந்து கூட்டிப்போவாராம்.

ஜூலை 13, சனி

வந்துவிட்டாள். ஒரு பையில் அவள் துணி, ஒரு பையில் எனக்கு நெத்திலிக் கருவாடு. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டே, "அம்மா வந்தாச்சுங்களா?" என்று கேட்டார்கள். கருவாடுதான் முதலில் வந்து சேர்ந்தது போலிருக்கிறது.

அம்மா சமையலறையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெருசாவா? ரெண்டு பேரு பொழங்கலாமே" என்றாள். நான் குழாயைத் திறந்துவிட்டேன், பதில் சொல்ல வேண்டாம் என்று.

மதியம் நான்தான் சமைத்தேன். கத்தரிக்காய். அம்மா பின்னால் நின்று, கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூக்கால் வேலை பார்த்தாள்.

"உப்புக் கொறச்சல்."

"வாயில போட்டுச் சொல்லு."

"மூக்கு போதும்ட்டி."

"இங்க வெளக்கும் இல்ல, சார்வாளும் இல்ல. கையை நீட்டு."

கரண்டியிலிருந்து ஒரு துளி மசாலாவையும் ஒரு துண்டையும் அவள் உள்ளங்கையில் விட்டேன். கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயில் போட்டாள். மருந்து குடிக்கிற பிள்ளை மாதிரி முகம் போயிற்று. மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே நின்றாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"முழுங்கும்மா. பிடிக்கிறதுக்கு இதென்ன மாப்பிள்ளையா?"

விழுங்கிவிட்டாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல. "உப்பும் சரியாத்தான் இருக்கு. இத்தன வருசம் இதத்தான் ஆக்குனேனா?"

சாப்பிட்ட பிறகு துணி மடித்துவைக்க அலமாரியைத் திறந்தவள், மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் டீச்சரம்மா வீட்டில் கல்யாணிக்கு இதே சிவப்பு மாத்திரை வாங்கிப்போன கை அது. என்னை ஜன்னலுக்கு இழுத்துவந்து கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

"சுண்ணாம்பு மாதிரி கெடக்கு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சரியாயிட்டு வருதும்மா. அதான் காயெல்லாம் திங்கேன்."

"நான் போவல. கல்யாணிக்குப் போனப் போடு. வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லு."

எவ்வளவு காலமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. போனைக் கையில் எடுத்துவிட்டேன். கல்யாணியின் பெயரையும் தேடி எடுத்துவிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் அவள் படம், வயிற்றில் கை வைத்துக்கொண்டு. முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். இழுத்து விடுவித்துக்கொண்டு வருவாளாம் அம்மா. தினமும். ஆறு மணிக்கு.

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

"போயிட்டு வாம்மா. அவ ஒன்னய நம்பி இருக்கா."

பெருந்தன்மையில் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அம்மா 'போவல' என்று சொன்னதே எனக்குப் போதும் என்றும் எழுதலாம். இரண்டிலும் பாதிதான் உண்மை.

அம்மா எனக்கு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

காலையில் பஸ் ஸ்டாண்டு. அம்மாவுக்கு ஜன்னல் சீட். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், கல்யாணியின் கணவர் நம்பர் எழுதிய தாள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே கொடுத்தேன். கொடுக்க வேறு ஒன்றும் இல்லை. அப்போதும் நகராமல் நின்றேன்.

"ஏட்டி, போ, வெயில்ல நிக்காத. கீரைய இன்னிக்கே ஆக்கிரு, வாடிரும்."

"எம்மா."

"என்ன?"

"அந்தப் பிள்ளைக்கு அந்தக் கதையச் சொல்லாத."

"எந்தக் கத?"

"பூசணிக்கா அத்தை வண்டிய விட்டு இறங்குத கதை."

அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"கதவுக்குப் பின்னாடி நின்னேன்."

அவள் முகத்தில் எதுவோ மெல்ல வந்து உட்கார்ந்தது. பிறகு, வழக்கம் போல, சிரிப்பால் அதை மூடினாள்.

"ஒனக்குத்தான் காயே புடிக்காதேட்டி. ஒனக்கு எதுக்குச் சொல்ல? போ ஏட்டி, கிறுக்கி. பெறக்கப்போற பிள்ளைக்குப் பல்லா இருக்கு? அது காயி திங்க வருசம் ஆவும். அதுக்குள்ள நான் வந்திர மாட்டேனா?"

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பஸ் உறுமியது. கண்டக்டர் என்னை விலகி நிற்கச் சொன்னார். விலகவில்லை. பஸ்ஸோடு சேர்ந்து நடந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது. ஜன்னல் கம்பியில் அவள் விரல்கள்மேல் என் கையை வைத்துக்கொண்டு, சித்திரையிலிருந்து தொண்டையில் நின்றதைச் சத்தமாகவே கேட்டேன்.

"வரும்போது பாளையங்கோட்டைக்குப் போகாதம்மா. இங்க வா. வந்து எங்கூட இரு. அந்தக் கதைய எனக்கு மொதல்ல சொல்லு."